வேகம் இல்லாத வேகச் சொற்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. வணிகவியல் படித்துவிட்டு, வீட்டிலிருந்தே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். துணிப் பராமரிப்புக் கையேடு ஒன்றில் 'த கலர்ஸ் ஆர் ஃபாஸ்ட் அண்ட் வில் நாட் ரன்' என்று ஒரு வரி வந்தது. 'வண்ணங்கள் வேகமானவை, ஓடாது' என்று எழுதி அனுப்பினேன். சரிபார்த்தவர் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு மருத்துவப் பரிசோதனைக் கையேட்டில் 'ஆசிட் ஃபாஸ்ட்', ஒரு கட்டுமானக் குறிப்பில் 'க்விக்லைம்'. எனக்கு எல்லாமே வேகமாகத்தான் தெரிகிறது. ஃபாஸ்ட், க்விக், ராப்பிட், ஸ்விஃப்ட், ஸ்பீடி எல்லாம் ஒன்றா, வேறா? ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச் சொல் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துகொள்ளலாமா? ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும்போதும் இந்தச் சொற்களில்தான் தடுமாறுகிறேன். எந்த மாதிரி அகராதியை நம்புவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பட்டியல் வேண்டாம். 'ஃபாஸ்ட்' என்றால் வேகம், 'க்விக்' என்றால் விரைவு, 'ராப்பிட்' என்றால் துரிதம் என்று ஒன்றுக்கு ஒன்றாகக் கட்டிவைத்தால், இப்போது இடறிய இடத்திலேயே நாளைக்கும் இடறுவீர்கள். 'ஃபாஸ்ட்' உங்களுக்குத் தெரியாத சொல்லாக இருந்திருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பீர்கள். மிக நன்றாகத் தெரிந்த சொல் என்பதால்தான் நேராக எழுதிவிட்டீர்கள். என் மேசைக்கு வரும் பிரதிகளில் பெரிய பிழைகள் பெரும்பாலும் இப்படி எளிய சொற்களில்தான் இருக்கும்.

வட்டம் போடப்பட்ட வரியையே எடுத்துக்கொள்வோம். வேகத்துக்குப் பேர்போன இரண்டு ஆங்கிலச் சொற்கள் அதில் இருக்கின்றன. வேகம் மட்டும் இல்லை. அங்கே 'ஃபாஸ்ட்' என்பது 'கெட்டியாகப் பற்றிக்கொண்டது'. 'ரன்' என்பது 'சாயம் கரைந்து பரவுவது'. அதனால் தமிழில், 'சாயம் போகாது. மற்றத் துணிகளில் ஒட்டாது' என்று முடித்துவிடலாம். துணி துவைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்கிற வார்த்தை அது.

'ஃபாஸ்ட்' என்ற சொல்லின் முதல் பொருளே உறுதி, அசையாமை. பழைய ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்றால் ஓரிடத்தில் நிலையாக நிற்பது. இன்றைய ஆங்கிலத்திலும் அந்தப் பொருள் சாகவில்லை. தெரிந்த சொற்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சீட்பெல்ட்டை 'ஃபாஸன்' செய்யச் சொல்கிறார்களே, அது இதே சொல்தான். 'ஹோல்ட் ஃபாஸ்ட்' என்றால் கெட்டியாகப் பிடி. 'ஸ்டக் ஃபாஸ்ட்' என்றால் எடுக்கவே முடியாதபடி சிக்கிக்கொண்டது. 'ஸ்டெட்ஃபாஸ்ட்' என்றால் அசராத உறுதி. 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்பவர் வேகமாகத் தூங்கவில்லை, அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறார். 'ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்றால் சட்டென்று பழகியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இணைபிரியாத நண்பர்கள்.

உண்ணாநோன்புக்கும் 'ஃபாஸ்ட்' என்றுதான் பெயர். அதுவும் இதே வேரில் கிளைத்தது. ஒரு நியமத்தை விடாமல் பற்றி நிற்பதே நோன்பு. அந்த நோன்பை 'பிரேக்' செய்வது 'பிரேக்ஃபாஸ்ட்'. நம்முடைய 'நோன்பு'ம் பொறுத்தல், தாங்குதல் என்ற பொருளிலிருந்து வந்ததுதான். 'நோன்மை' என்றால் பொறையும் வலிமையும். இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிற விஷயம். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஃபாஸ்டிங்' என்று இருந்தால் 'வெறும் வயிற்றில்' என்று எழுதுங்கள். 'உண்ணாவிரத இரத்தச் சர்க்கரை' என்று எழுதினால் நோயாளி மிரண்டுபோவார்.

அசையாமல் நின்ற சொல் எப்படி ஓடத் தொடங்கியது? உறுதியாக என்பது அழுத்தமாக, வலுவாக என்று விரிந்தது. வலுவாக அடி, வலுவாக ஓடு என்று சொல்லிச் சொல்லி, ஓட்டத்தோடு சேரும்போது அந்த வலுவே வேகமாகிவிட்டது. தமிழில் இதற்கு நேரான சாட்சி உண்டு. 'கடு' என்றால் கடினம், கடுமை. அதே 'கடு'விலிருந்து 'கடுகி வந்தான்' என்கிறோம். அங்கே விரைவு. 'கடுப்பு' என்ற சொல்லுக்கும் பழந்தமிழில் விரைவு என்ற பொருள் உண்டு.

இன்னொரு சாட்சி தொல்காப்பியத்தில் இருக்கிறது. உரியியலில் 'கடி' என்ற ஒரே சொல்லுக்கு வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு என்று தொடங்கிப் பத்துப் பொருள் சொல்லப்படுகிறது. கடிமரம் என்றால் காவல் மரம், யாரும் தொடமுடியாதபடி நிற்பது. அதே 'கடி' வேறோர் இடத்தில் விரைவு. 'ஃபாஸ்ட்' போலவே காப்பும் விரைவும் ஒரே சொல்லுக்குள். இத்தனை பொருளில் எதை எடுப்பது என்பதற்கும் அதே இயலில் வழி இருக்கிறது: 'முன்னும் பின்னும் வருபவை நாடி' உணர வேண்டும். சொல்லை மட்டும் பார்க்காதே, அதற்கு முன்னாலும் பின்னாலும் யார் நிற்கிறார்கள் என்று தேடிப்பார் என்கிறது. உங்கள் கடிதம் முழுவதற்கும் என்னிடம் உள்ள பதில் அதுதான். இனி நான் எழுதப்போவதெல்லாம் அதைச் செய்துபார்க்கும் விதம்.

சாயத்தையே மறுபடி பாருங்கள். துணித் தொழிலில் இந்த 'ஃபாஸ்ட்'டுக்கு முறையான சோதனை உண்டு. சாயமேற்றிய துண்டை வெள்ளைத் துணித்துண்டோடு சேர்த்துத் தைத்து, குறிப்பிட்ட வெப்பமுள்ள சோப்பு நீரில் அலசி உலர்த்துவார்கள். பிறகு வெள்ளைத் துணியில் எவ்வளவு கறை ஏறியிருக்கிறது என்று சாம்பல்நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை. வெயிலில் வெளுக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு மதிப்பெண் 1 முதல் 8 வரை. தொழில்நுட்ப ஆவணத்தில் 'கலர் ஃபாஸ்ட்னஸ்' வந்தால் 'சாய உறுதி' என்றோ 'நிறம் நிலைக்கும் தன்மை' என்றோ எழுதலாம். வாங்குபவர் படிக்கும் சீட்டில் 'சாயம் போகாது' போதும்.

உங்கள் 'ஆசிட் ஃபாஸ்ட்' இதே சாயத்தின் தம்பி. ராபர்ட் காக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். அந்தக் கிருமியின் மேல்சுவர் மெழுகுபோன்ற பொருளால் ஆனது. சளி மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கினால் சாயம் அந்தச் சுவரில் ஏறிக்கொள்ளும். பிறகு அமிலம் கலந்த ஆல்கஹாலால் கழுவும்போது மற்றப் பெரும்பாலான கிருமிகளின் சாயம் போய்விடும். காசநோய்க் கிருமி சிவப்பை விடாது. அடுத்து நீலச் சாயம் ஏற்றினால், நீலப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாக அது நுண்ணோக்கியில் தெரியும். அமிலம் பட்டாலும் நிறத்தை விடாத கிருமி என்பதுதான் 'ஆசிட் ஃபாஸ்ட் பேசிலஸ்'. சோதனைச் சீட்டில் இதை ஏ.எஃப்.பி. என்று சுருக்கி எழுதுவார்கள். நோயாளிக்கான கையேட்டில் 'அமிலத்தால் கழுவினாலும் சாயம் போகாத கிருமி' என்று ஒருமுறை விளக்கிவிட்டு, சீட்டில் இருக்கும் சுருக்கத்தை அப்படியே வைத்துவிடுங்கள். அவர் கையில் இருக்கும் தாளோடு உங்கள் கையேடு பொருந்த வேண்டும் அல்லவா. 'அமில வேகக் கிருமி' என்று எழுதிவிட்டால் கிருமி வேகமாகப் பரவுகிறது என்று ஒருவர் படித்துப் பயப்படக்கூடும்.

புகைப்படத் துறையின் 'ஃபாஸ்ட் லென்ஸ்' வேறு வகை. அங்கே வேகம் இருக்கிறது, ஆனால் லென்ஸில் இல்லை. திறப்பு அகலமாக இருப்பதால் அதிக ஒளி உள்ளே வருகிறது. அதனால் ஷட்டரைச் சட்டென்று மூடிவிட முடிகிறது. 'அதிக ஒளி வாங்கும் லென்ஸ்' என்றால் படிப்பவருக்குப் புரியும். கடிகாரம் ஐந்து நிமிடம் 'ஃபாஸ்ட்' என்பதிலும் இதே கவனம் வேண்டும். அது சரியான வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். காட்டும் நேரம்தான் முன்னால் இருக்கிறது.

'க்விக்' முற்றிலும் வேறு குடும்பம். அதன் பிறவிப் பொருள் உயிர். பழைய ஆங்கிலத்தில் 'க்விக்' என்றால் உயிருள்ளது, அவ்வளவுதான். 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் 'க்விக் அண்ட் டெட்' என்று வருவது உயிரோடிருப்பவர்களையும் மரித்தவர்களையும். மொழியியலாளர்கள் இந்தச் சொல்லையும் லத்தீனின் 'விவுஸ்' என்பதையும் வடமொழியின் 'ஜீவ' என்பதையும் ஒரே மூலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நாம் ஜீவன் என்று சொல்லும்போதெல்லாம் 'க்விக்'கின் உறவுக்காரரைத்தான் கூப்பிடுகிறோம். உயிருள்ளது அசையும், துள்ளும், துறுதுறுவென்று இருக்கும். அங்கிருந்துதான் விரைவு வந்தது.

இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் 'க்விக்லைம்' தானாகத் திறந்துகொள்ளும். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பது கால்சியம் ஆக்சைடு. அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சீறும், கொதிக்கும், ஆவி பறக்கும், கட்டி வெடித்துப் பொடியாகும். உயிர் இருப்பதுபோல் தோன்றியதால் லத்தீனிலேயே அதை உயிர்ச் சுண்ணாம்பு என்றார்கள். ஆங்கிலம் அதை 'க்விக்' என்று எடுத்துக்கொண்டது. தமிழில் அது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றி அடங்கியது நீற்றிய சுண்ணாம்பு. கட்டுமானக் குறிப்பில் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் வேலை செய்பவரின் கையும் கண்ணும் வெந்துபோகும். ஆகவே இந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள்.

பாதரசம் 'க்விக்சில்வர்' ஆனதும் அதனால்தான்: ஓடிக்கொண்டே இருக்கிற, உயிருள்ள வெள்ளி. புதைமணல் 'க்விக்சாண்ட்'. நகத்தின் அடியில் தொட்டாலே துடிக்கிற சதைக்குப் பெயர் 'த க்விக்'. நகத்தை ஒட்ட வெட்டி அந்தச் சதையில் பட்டால் எப்படி இருக்கும்? 'கட் டு த க்விக்' என்று ஒருவரைப் பற்றி எழுதினால், அவர் மனம் அப்படிப் புண்பட்டது என்று பொருள். மருத்துவத்தில் 'க்விக்கனிங்' என்பது கருவிலிருக்கும் குழந்தையின் அசைவைத் தாய் முதன்முதலாக உணர்வது, பொதுவாக 16 முதல் 20 வாரங்களுக்குள். இதை 'விரைவுபடுத்தல்' என்று எழுதினால் மகப்பேற்றுக் கையேட்டில் அது எப்படிப்பட்ட பிழையாகிவிடும் என்று யோசியுங்கள். 'வயிற்றில் பிள்ளை அசைவது முதன்முதலில் தெரிவது' என்று நீளமாகவே எழுதலாம். நீளம் இங்கே குற்றமில்லை.

வேகம் என்ற பொருளிலேயே வரும்போதும் இரண்டும் ஒன்றல்ல. 'ஃபாஸ்ட்' பெரும்பாலும் ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லும். 'க்விக்' பெரும்பாலும் எடுத்துக்கொண்ட நேரம் குறைவு என்பதைச் சொல்லும். கார் 'ஃபாஸ்ட்', ரயில் 'ஃபாஸ்ட்', பந்துவீச்சு 'ஃபாஸ்ட்'. பார்வை 'க்விக்', பதில் 'க்விக்', குளியல் 'க்விக்'. 'க்விக் லுக்' என்பதைத் தமிழில் 'வேகமான பார்வை' என்று போடாதீர்கள். 'ஒரு பார்வை பார்த்துவிட்டு' என்றாலே குறைந்த நேரம் வந்துவிடுகிறது. 'க்விக் டெம்பர்' என்றால் முன்கோபம். 'க்விக் லேர்னர்' என்றால் சொன்னவுடன் பிடித்துக்கொள்பவர்.

மின்னஞ்சலில் தடுமாறுவதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று: நம்முடைய 'சீக்கிரம்'. தமிழில் அது நாலு வேலை பார்க்கிறது. 'நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறேன்' என்றால் வழக்கமான நேரத்துக்கு முன்னால், ஆங்கிலத்தில் 'ஏர்லி'. 'சீக்கிரம் பதில் எழுதுகிறேன்' என்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அல்லது சில நாளில், 'சூன்'. 'சீக்கிரம் சாப்பிடு' என்றால் நேரத்தைக் குறை, 'க்விக்லி'. 'சீக்கிரம் ஓடு' என்றால் வேகத்தைக் கூட்டு, 'ஃபாஸ்ட்'. நாம் நாலுக்கும் 'ஃபாஸ்ட்' போட்டுவிடுகிறோம். 'ஐ வில் கம் ஃபாஸ்ட் டுமாரோ' என்று நீங்கள் எழுதினால், மறுமுனையில் படிப்பவர் நீங்கள் ஓடி வரப்போவதாக நினைப்பார். எழுதும் முன் 'சீக்கிரம்' என்பதை எடுத்துவிட்டு, 'முன்னதாக', 'விரைவில்', 'சட்டென்று', 'வேகமாக' என்ற நாலில் எது பொருந்துகிறது என்று தமிழிலேயே பாருங்கள். பொருந்துவது கிடைத்ததும் ஆங்கிலச் சொல் தானாக வரும்.

இதோடு 'ஃபாஸ்ட்லி' என்று எழுதும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். 'ஃபாஸ்ட்' வினையை அடுத்து வந்தாலும் 'ஃபாஸ்ட்' தான், வால் வேண்டியதில்லை. 'க்விக்'குக்கு வால் உண்டு.

'சூன்' பற்றி ஒரு சிறிய செய்தி, ஏனென்றால் எனக்கு இது மிகவும் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'உடனே, இந்த நொடியே' என்று பொருள். சொன்னவர்கள் எல்லோரும் தாமதித்ததால் சொல்லே தாமதமாகிவிட்டது. 'பிரசன்ட்லி' என்பதற்கும் இதே கதி. பிரிட்டிஷ் வழக்கில் அது 'கொஞ்ச நேரத்தில்'. அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் 'இப்போது'. உங்கள் வாடிக்கையாளர் எந்த வழக்கில் எழுதுகிறார் என்று பார்க்காமல் அதைத் தமிழாக்க வேண்டாம்.

'அவசரம்' என்பதையும் பிரிக்க வேண்டும். 'க்விக் டிசிஷன்' என்றால் பாராட்டு. தயங்காமல் எடுத்த முடிவு. 'ஹேஸ்டி டிசிஷன்' என்றால் குறை. யோசிக்காமல் அவசரப்பட்டு எடுத்த முடிவு. 'அர்ஜென்ட்' என்றால் காரியத்தின் அவசரம், ஆளின் பதற்றம் அல்ல. அலுவலகக் கடிதத்தில் ஒருவருடைய முடிவை 'ஹேஸ்டி' என்று எழுதிவிட்டு, வேகத்தைப் பாராட்டினேன் என்று பின்னால் விளக்க முடியாது.

'ஹேஸ்ட்' வந்துவிட்டதால் 'ஸ்பீட்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்' என்று ஒரு பழமொழி உண்டு. அவசரம் கூடினால் வேகம் எப்படிக் குறையும் என்று குழம்புகிறவர்கள் பலர். 'ஸ்பீட்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வெற்றி, செழிப்பு என்று பொருள். பயணம் போகிறவரை 'காட்ஸ்பீட்' என்று வாழ்த்தும்போது, வண்டியை விரட்டு என்று யாரும் சொல்லவில்லை. போன காரியம் நல்லபடி முடியட்டும் என்கிறார்கள். அந்தப் பொருளை வைத்தால் பழமொழி திறந்துகொள்கிறது: அவசரம் மிஞ்சினால் காரியம் கெடும். நம்மிடம் தயாராகவே இருக்கிறது, 'பதறாத காரியம் சிதறாது'. இங்கே சொல்லுக்குச் சொல் போட்டால் தமிழ் தோற்றுப்போகும்.

அறிவியல் பாடத்தில் 'ஸ்பீட்' வேகம், 'வெலாசிட்டி' திசைவேகம். 400 மீட்டர் ஓடுதளத்தை ஒருவர் ஒரு சுற்று ஓடி, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றால், அவருடைய சராசரி வேகம் எவ்வளவு இருந்தாலும் சராசரித் திசைவேகம் பூஜ்யம். பாடநூல் வேலையில் இரண்டையும் மாற்றினால் கணக்கே தப்பு.

'ராப்பிட்' லத்தீனில் பற்றி இழுத்துப்போவது என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. இரைகவ்விப் பறவையை 'ராப்டர்' என்பது அதே வழி. ஆற்றில் நீர் ஆளை இழுத்துப்போகும் பகுதி 'ராப்பிட்ஸ்'. இன்றைக்கு அது ஆட்களைவிட மாற்றங்களோடுதான் அதிகம் சேரும்: வளர்ச்சி, சரிவு, நாடித்துடிப்பு. சதுரங்கத்தில் அது கலைச்சொல். ஒருவருக்கு 10 நிமிடத்துக்கு மேல், ஆனால் 60 நிமிடத்துக்குள் தரும் ஆட்டம் 'ராப்பிட்'. அதைவிடக் குறைந்தால் 'பிளிட்ஸ்', அதாவது ஜெர்மன் மொழியில் மின்னல். இவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். 'ஸ்விஃப்ட்' கொஞ்சம் எழுத்துநடைச் சொல். நடவடிக்கை, நீதி, பதிலடி இவற்றோடு சேரும். 'ஸ்விஃப்ட்' என்றால் உழவாரன் குருவியும்தான். அந்த இனத்தில் ஒரு வகை, கூட்டுக்கு வராத காலத்தில் பத்து மாதம்வரை ஏறக்குறைய இறங்காமலே பறக்கிறது என்று ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். பெயருக்கு ஏற்ற பறவை. வங்கிப் படிவத்தில் 'ஸ்விஃப்ட் கோட்' வந்தால் குருவியும் இல்லை, விரைவும் இல்லை. 1973இல் தொடங்கிய வங்கித் தகவல் அமைப்பின் பெயர்ச்சுருக்கம் அது. 'விரைவுக் குறியீடு' என்று மாற்றினால் பணம் அனுப்புகிறவர் படிவத்தில் எதை நிரப்புவது என்று தெரியாமல் விழிப்பார்.

'ரன்' ஒரு கடல். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 600க்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. ஆனாலும் இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கும், ஏனென்றால் நம் 'ஓடு'வும் கடல்தான். கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, வேலை ஓடவில்லை. எங்கே இரண்டும் பிரிகின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆங்கிலத்தில் ஒருவர் கடையை 'ரன்' செய்வார். தமிழில் கடை தானே ஓடும், ஆள் அதை நடத்துவார். மூக்கு அங்கே 'ரன்' ஆகும், இங்கே ஒழுகும். குடும்பத்தில் ஒரு குணம் அங்கே 'ரன்' ஆகும். இங்கே வழிவழியாக வரும். தேர்தலில் அமெரிக்கர் 'ரன்' செய்வார், பிரிட்டிஷ்காரர் 'ஸ்டாண்ட்' செய்வார், நாம் நிற்போம். ஒரே காரியத்துக்கு ஒருவர் ஓட, இருவர் நிற்கிறோம்.

வங்கியின் மேல் 'ரன்' என்று செய்தியில் வந்தால் 'வங்கி ஓட்டம்' என்று எழுதுவது சரியில்லை. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக்கு நடந்தது இதுதான். போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில் மக்கள் கிளைகளுக்கு வெளியே நீண்ட வரிசையில் நின்றார்கள். 'ரன்' என்று பெயர், ஆனால் ஒருவரும் ஓடவில்லை. 'பணத்தை எடுக்க மக்கள் வங்கியை மொய்த்தார்கள்' என்றால் செய்தி சேர்ந்துவிடும்.

'போல்ட்' என்பது குறுக்குவில்லின் குட்டை அம்பு. அந்த அம்பின் வடிவம் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. அதன் பாய்ச்சல் மிரண்டோடும் குதிரைக்கும் விழும் இடிக்கும் போயிற்று. கீரை 'போல்ட்' ஆகிறது என்றால் பருவத்துக்கு முன்பே தண்டு நீண்டு பூவெடுக்கிறது. 'டேஷ்' என்றால் முதலில் மோதுதல். வண்டி 'டேஷ்' ஆகிவிட்டது என்று தமிழ்ப் பேச்சில் சொல்லும்போது அந்தப் பழைய பொருளைச் சரியாகவே சொல்கிறோம். குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறு மேலே படாமல் வண்டியின் முன்புறம் வைத்த பலகைதான் 'டேஷ்போர்ட்'.

இந்த வரிசையில் உங்கள் தொழிலுக்கு மிக ஆபத்தானது 'எக்ஸ்பிரஸ்'. ஒப்பந்தத்தில் 'எக்ஸ்பிரஸ் கன்சென்ட்' என்று வரும். அது வெளிப்படையாக, வாய்விட்டோ எழுதியோ தந்த சம்மதம். வேகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதன் எதிர்ச்சொல் தாமதம் அல்ல, 'இம்ப்ளைட்', குறிப்பால் உணரப்படுவது. ரயிலுக்கே அந்தப் பெயர் வந்தது 'இந்தக் காரியத்துக்கென்றே தனியாக விடப்படுவது' என்ற பொருளில்தான். அப்படி விட்டது நிற்காமல் போனதால் வேகம் ஒட்டிக்கொண்டது. 'விரைவுச் சம்மதம்' என்று ஒரு ஒப்பந்தத்தில் வந்துவிட்டால், கையெழுத்துப் போடுகிறவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதே மாறிப்போகும். 'ப்ராம்ப்ட் பேமெண்ட்' என்றாலும் பணத்தை வேகமாக எண்ணித் தருவதில்லை. தவணை தவறாமல் தருவது.

இனி அகராதி. இருமொழி அகராதி ஒன்று கட்டாயம் இருக்கட்டும், ஆனால் அதில் தேடல் முடியக் கூடாது. அது தரும் நாலைந்து தமிழ்ச் சொற்களும் உங்கள் வரியைப் பார்க்காமல் எழுதப்பட்டவை. அடுத்ததாக, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நிறையத் தரும் ஆங்கில–ஆங்கில அகராதி, கற்போருக்கென்று வெளியிடப்படுவது, ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதை மட்டுமே தொகுத்துத் தரும் அகராதிகளும் இருக்கின்றன. உங்களுக்கு இப்போது அதிகம் உதவப்போவது அந்த மூன்றாவது வகை. வாங்கும் முன் 'ஃபாஸ்ட்' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'அஸ்லீப்', 'கலர்', 'ஹோல்ட்' மூன்றும் அதில் இருந்தால் வாங்கலாம்.

மனப்பாடத்துக்குப் பதிலாக ஒரு நோட்டு போடுங்கள். அதில் தனிச்சொல் எழுதக் கூடாது. தொடரைத்தான் எழுத வேண்டும். 'ஃபாஸ்ட் – வேகம்' என்று ஒரு வரி எழுதினால் பயனில்லை. 'ஃபாஸ்ட் கலர் – சாயம் போகாது – துணிச்சீட்டு' என்று தொடர், தமிழ், வந்த இடம் மூன்றையும் எழுதுங்கள். இடம் முக்கியம். ஒரே தொடர் துணிச்சீட்டில் ஒரு மாதிரியும் ஆய்வக அறிக்கையில் வேறு மாதிரியும் தமிழாகும்.

வேலையை அனுப்பும்போது, எந்தெந்த இடத்தில் எந்தப் பொருளை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு சின்னத் தாளில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். வாடிக்கையாளர் இதைத் திறமைக் குறைவாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். அந்தத் தாளோடு வரும் பிரதியைத்தான் சரிபார்ப்பவர்கள் நம்பிக்கையோடு கையில் எடுக்கிறோம். மருத்துவம், கட்டுமானம், ஒப்பந்தம் மூன்றிலும் அந்தத் துறைக்காரர் ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தராமல் எதையும் அச்சுக்கு விடாதீர்கள். அதற்கான நாட்களையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.